ஏறுதல், புகுதல், நடத்தல்: வெள்ளியங்கிரி மலைப்பயணம் குறித்து ஓர் ஆய்வு

1. கேள்வி

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். காந்திபுரத்தில் பூண்டி வண்டிக்காகக் காத்திருக்கும் கூட்டத்தை இரண்டாகப் பிரித்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். காவி வேட்டியும் உருத்திராட்சமும் துணிப்பையுமாக ஒரு சாரார். டிராக் பேன்ட்டும் முதுகுப்பையும் நெற்றியில் மாட்டும் டார்ச் லைட்டுமாக இன்னொரு சாரார். உக்கடம், பேரூர், ஆலாந்துறை, இருட்டுப்பள்ளம் என்று வண்டி மேற்கே போகப் போக அந்தப் பிரிவினை மங்கிக்கொண்டே வரும். அடிவாரத்தில் இரு சாராரும் ஒரே கடையில் மூங்கில் தடி வாங்குகிறார்கள். விடியற்காலையில் ஏழாம் மலையில் பார்த்தால் டிராக் பேன்ட் போட்ட இளைஞர் கண்ணில் நீர் வழிய நிற்கிறார். காவி கட்டிய பெரியவர் செல்போனில் சூரிய உதயத்தைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

வெள்ளியங்கிரிக்குப் போவது வழிபாடா, மலையேற்றமா என்ற விவாதம் கோவையில் பருவந்தோறும் எழுகிறது. பெரியவர்கள் சிலர், பக்தி போய்ப் பொழுதுபோக்கு வந்துவிட்டது என்று வருந்துகிறார்கள். ஏறும் இளைஞர்களில் பலர், தங்களுக்குக் கடவுள் நம்பிக்கை பெரிதாக இல்லை என்றும் ஆனாலும் ஆண்டுக்கொரு முறை ஏறாமல் இருக்க முடியவில்லை என்றும் சொல்கிறார்கள். இந்து சமய அறநிலையத் துறைக்கு இது ஒரு கோயில். வனத்துறைக்கு இது போளுவாம்பட்டி வனச்சரகத்துக்குள் போகும் ஒரு காட்டுத்தடம். ஒரே மலையை இத்தனை பேர் இத்தனை விதமாகப் பார்க்கும்போது, இந்தப் பயணத்தின் இயல்பை எதை வைத்துத் தீர்மானிப்பது? ஏறுபவரின் மனத்தில் இருக்கும் நம்பிக்கையை வைத்தா, அல்லது மலை அவர் உடம்பிடம் கேட்கும் ஒழுக்கத்தை வைத்தா? இக்கட்டுரை இரண்டாவதையே அளவுகோலாகக் கொள்கிறது. ஒப்பீட்டுக்காக ஜப்பானிய மலைத்துறவு மரபையும் எடுத்துக்கொள்கிறது.

2. வினைச்சொற்கள் தரும் சான்று

கொங்கு நாட்டில் சாமி கும்பிடப் போவதற்குப் பொதுவான ஒரு சொல் கிடையாது. தைப்பூசத்துக்குப் பழனி போகிறவர் “பழனிக்கு நடக்கறேனுங்க” என்பார். அங்கே நடையே நேர்ச்சை. காங்கேயம், தாராபுரம் சாலைகளில் பச்சையும் மஞ்சளுமாக நீளும் அந்த வரிசையில் ஒருவர் சாமியை எப்போது பார்த்தார் என்பதைவிட, எந்த ஊரிலிருந்து நடந்து வந்தார் என்பதே பேச்சாக இருக்கும். சபரிமலைக்குப் போகிறவர் “மாலை போட்டிருக்கேன்” என்பார். மலைக்குப் புறப்படுவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே, வீட்டிலேயே, அந்தப் பயணம் தொடங்கிவிடுகிறது. வெள்ளியங்கிரிக்கோ இந்த இரண்டு சொற்களும் பொருந்துவதில்லை. “மலை ஏறிட்டு வந்தேன்” என்றுதான் சொல்கிறார்கள். திரும்பி வந்தவரிடம் தரிசனம் எப்படி என்று யாரும் முதலில் கேட்பதில்லை. “ஏழு மலையும் ஏறிட்டீங்களா?” என்றே கேட்கிறார்கள்.

இதை வெறும் பேச்சுவழக்கு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. ஒரு வழிபாட்டின் கனம் எங்கே விழுகிறது என்பதை மக்கள் தேர்ந்துகொள்ளும் வினைச்சொல் காட்டிவிடுகிறது. பழனியில் அது தூரத்தில் விழுகிறது, சபரிமலையில் நோன்பு நாட்களில், வெள்ளியங்கிரியில் செங்குத்தில். சபரிமலைப் பயணத்தைத் தாமே மேற்கொண்டு எழுதிய மானிடவியலாளர் இ. வேலன்டைன் டேனியல், 1984இல் வெளிவந்த தம் நூலில், பாதையில் உண்டாகும் உடல்வலி மெல்ல மெல்லத் ‘தான்’ என்ற எண்ணத்தைக் கரைப்பதை விவரிக்கிறார். அவர் கண்டது வெள்ளியங்கிரிக்கு இன்னும் அதிகமாகப் பொருந்தும். சபரிமலையில் வலிக்கு முன்னும் பின்னும் விரிந்த சடங்குகள் உண்டு. வெள்ளியங்கிரியில் ஏற்றத்தைத் தவிர வேறு சடங்கு மிகக் குறைவு.

3. பாதை

மலையின் உயரம் ஏறக்குறைய 6,000 அடி. பூண்டி அடிவாரக் கோயிலின் பின்புறம் தொடங்கும் தடம் ஒருவழிக்குச் சுமார் 6 கி.மீ. ஏறுவதற்கு உடல்வாகைப் பொறுத்து 4 முதல் 6 மணி நேரம் ஆகும். எண்களைப் பார்த்தால் எளிதாகத் தெரியும். முதல் மலை அந்த எண்ணத்தை உடைத்துவிடுகிறது. ஒழுங்கற்ற உயரத்தில் கருங்கற்படிகள். முழங்கால் அளவுக்கு ஒரு படி, அடுத்தது சாண் உயரம், அதற்கடுத்தது பாதி பெயர்ந்தது. திரும்பிப் போவதென்று முடிவெடுக்கிறவர்களில் பெரும்பாலோர் வெள்ளைப் பிள்ளையார் கோயிலை எட்டுவதற்குள்ளேயே எடுத்துவிடுகிறார்கள்.

அதற்கு மேல் பெயர்கள் வரிசையாக வருகின்றன: வழுக்குப்பாறை, பாம்பாட்டி சுனை, கைதட்டி சுனை, ஒட்டன் சமாதி, பீமன் களியுருண்டை, சீதை வனம், ஆண்டி சுனை. இந்தப் பட்டியலை நிதானமாகப் படிக்க வேண்டும். பாரதமும் இராமாயணமும் இதில் இருக்கின்றன. சித்தர் மரபு இருக்கிறது. மருதமலையில் குகை உள்ளதாகச் சொல்லப்படும் பாம்பாட்டிச் சித்தர் இங்கேயும் ஒரு சுனைக்குப் பெயர் தந்திருக்கிறார். என்னை அதிகம் நிறுத்தி வைத்த பெயர் ஒட்டன் சமாதி. கல்லுடைத்தும் குளம் வெட்டியும் கொங்கு நாட்டின் நீர்நிலைகளை உருவாக்கிய உழைப்பாளிச் சமூகம் ஒன்றின் பெயர் அது. ஊருக்குள் இருக்கும் பெருங்கோயில்களில் அந்தச் சமூகத்தின் பெயர் தாங்கிய சன்னிதியைக் காண்பது அரிது. மலைமேல், எல்லோரும் கைகூப்பிக் கடந்துபோகும் இடத்தில், அது நிலைத்திருக்கிறது. இந்த மலையின் புனிதத்தை உண்டாக்கியவர்கள் புராணிகர்கள் மட்டும் அல்லர் என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் எனக்குக் கிடைக்கவில்லை.

நான்காம், ஐந்தாம் மலைகளில் தடம் சற்றுச் சமப்படுகிறது. மரங்கள் குட்டையாகின்றன, புல்வெளி திறக்கிறது, பள்ளங்களில் சோலைக்காடு கருத்துக் கிடக்கிறது. காற்று இங்கேதான் தொடங்கும். ஆறாம் மலையில் ஏறிய உயரத்தின் ஒரு பகுதியை இழந்து ஆண்டி சுனைக்கு இறங்க வேண்டும். நள்ளிரவு தாண்டிய நேரத்தில் அந்தத் தண்ணீரில் முழுகுவதைப் பற்றிப் பலரும் வீரக்கதையாகச் சொல்வார்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் வேறு மாதிரி இருக்கும். முதல் சொம்பு தலையில் விழுந்ததும் மூச்சு அடைத்து வாய் திறக்கிறது; குரல் வருவதில்லை. இரண்டாம் சொம்புக்குப் பிறகுதான் “சிவாய நம” என்று ஏதோ ஒன்று நடுங்கி வெளியே வருகிறது. நாத்திகர் என்று தம்மைச் சொல்லிக்கொண்ட என் நண்பர் ஒருவருக்கும் அதே சொல்தான் வந்தது. அதை அவர் மாற்றிக்கொள்ளவும் இல்லை, விளக்கவும் இல்லை.

ஏழாம் மலையில் கோபுரமோ மண்டபமோ கிடையாது. ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்த பெரும் பாறைகள், அவற்றின் அடியில் குனிந்து நுழையும் இடைவெளி, உள்ளே சுயம்பு இலிங்கம். கற்பூரப் புகையும் ஈரத் துணியின் வாடையும் கலந்த அந்த இடத்தில் ஒருவருக்குக் கிடைப்பது சில விநாடிகள். ஐந்து மணி நேரம் ஏறியதற்குச் சில விநாடிகள்தானா என்று யாரும் குறைப்பட்டு நான் கேட்டதில்லை. அப்படிக் கேட்காததே இக்கட்டுரையின் வாதத்துக்கு ஒரு சான்று.

பாதையின் பேச்சையும் குறிப்பிட வேண்டும். அங்கே எல்லோரும் எல்லோருக்கும் ‘சாமி’. இறங்குகிறவர் ஏறுகிறவருக்கு வழி சொல்கிறார். “இன்னும் ரண்டு மலைதானுங்க சாமி, மெதுவா போங்க.” பெரும்பாலும் அது உண்மையாக இருக்காது, மூன்று மலை பாக்கி இருக்கும். போய் வந்தவன் எதிர்ப்படுகிறவனை ஆற்றுப்படுத்தும் பழைய தமிழ் இலக்கிய வகையின் சாயலை நான் இதில் காண்கிறேன். பரிசில் பெற்ற பாணன் இன்னொரு பாணனை வள்ளலிடம் அனுப்பினான். இங்கே காற்றும் குளிரும் பெற்றுத் திரும்புகிறவன், தான் பெற்றதை நோக்கி அடுத்தவனை அனுப்புகிறான்.

4. தென்கயிலை என்னும் உரிமைகோரல்

வெள்ளியங்கிரியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ‘தென்கயிலை’ என்ற அடைமொழியோடு தொடங்குகிறார்கள். பனி மூடிய வடகயிலையின் தென்னகப் படி இது என்பது கருத்து. நொய்யல் ஆறு காஞ்சிமாநதி என்ற பெயரோடு பேரூர்த் தலமரபில் புனிதம் பெற்றிருக்கிறது. பேரூர்ப் புராணத்தை 18ஆம் நூற்றாண்டில் கச்சியப்ப முனிவர் பாடினார். ஆற்றின் பிறப்பிடமான மலைத்தொடர் சைவ வரைபடத்துக்குள் வந்ததை இந்த மரபோடு சேர்த்தே காண வேண்டும்.

ஆனால் இந்த அடைமொழி வெள்ளியங்கிரிக்கு மட்டும் உரியதன்று. காளத்தி தென்கயிலாயம் எனப்படுகிறது. திருக்கோணமலை தட்சிண கைலாசம் எனப்படுகிறது. வடக்கே ஒன்று இருந்தால் தெற்கே அதற்கு ஈடாகப் பல இருப்பது இந்தியப் புனித நிலவியலின் இயல்பு என்று டயானா எக் 2012இல் வெளியிட்ட தம் நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். ஆகவே தென்கயிலை என்ற பெயரால் வெள்ளியங்கிரியின் தனித்தன்மையை விளக்க முடியாது. அந்தப் பெயர் மலையை ஒரு பெரிய மரபோடு இணைக்கிறது. மலைக்குள் நடப்பதை அது சொல்வதில்லை. அடிவாரத்தில் 1999இல் நிறுவப்பட்ட தியானலிங்கமும் 2017இல் எழுந்த 112 அடி ஆதியோகி சிலையும் இந்த மலையின் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றன. அவற்றைக் காண வருவோரில் மிகப் பலர் மலையை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள். அவர்களின் பயணம் மெய்யானதே. ஆனால் ஏறுதல் என்ற வினைக்கு அது வெளியே நிற்கிறது.

5. மலைக்குள் புகுதல்: ஜப்பானிய மரபு

ஜப்பானின் மலைத்துறவு மரபுக்கு ஷுகெண்டோ என்று பெயர். அதன் துறவிகள் யமபுஷிகள், அதாவது மலையில் படுத்துறங்குகிறவர்கள். மரபு தன் தொடக்கத்தை 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த என் நோ க்யோஜாவிடம் காண்கிறது. அவர் 699இல் இசு தீவுக்கு நாடு கடத்தப்பட்டதை அந்நாட்டின் பழைய அரசு வரலாற்று நூல் பதிவு செய்திருக்கிறது. பௌத்தத் தந்திர மரபும் ஷிந்தோ மலைவழிபாடும் கலந்த இந்த நெறியில் மலையே மண்டலம். ஒவ்வொரு பாறையும் அருவியும் அந்த மண்டலத்தின் ஓர் இடம். இதை ஆலன் கிராபார்ட் 1982இல் எழுதிய கட்டுரை நன்றாக விளக்குகிறது.

இங்கேயும் நான் வினைச்சொல்லையே பார்க்கிறேன். யமபுஷிகள் தம் பயிற்சியை ‘நியூபு’ என்கிறார்கள். சிகரத்துக்குள் புகுதல் என்பது அதன் பொருள். வடகிழக்கே யமகதா மாவட்டத்தில் ஹகுரோ, கஸ்ஸான், யுதோனோ என மூன்று மலைகள் சேர்ந்து தேவா சன்சான் எனப்படுகின்றன. அவற்றில் ஹகுரோவின் உயரம் வெறும் 414 மீட்டர். அதன் 2,446 கற்படிகளைத் திடமான ஒருவர் ஒரு மணி நேரத்தில் ஏறிவிடலாம். ஆனால் அங்கே நடக்கும் இலையுதிர்காலப் பயிற்சியில் உச்சியை எட்டுவது குறிக்கோளாக இருப்பதில்லை. வெள்ளுடை பிணத்துக்கு உரியது. அதை உடுத்திப் புகுகிறவர் இறந்தவராகக் கருதப்படுகிறார். மலை கருப்பை ஆகிறது. பல நாள் கழித்து வெளியே வருகையில் பிறந்த குழந்தையைப் போல அலறுகிறார்கள். கண், காது, மூக்கு, நாக்கு, மெய், மனம் ஆகிய ஆறு புலன்களும் தூய்மையாகட்டும் என்பது நடையின்போது அவர்கள் ஓதும் மந்திரம். நம் ஐம்புலனோடு மனத்தையும் எண்ணுகிற அந்தக் கணக்கு தமிழ் வாசகருக்கு அந்நியமாக இருக்காது.

யுதோனோவின் கருவறை இன்னும் நெருக்கமான ஒப்புமை தருகிறது. அங்கே கட்டடமோ சிலையோ கிடையாது. வெந்நீர் ஊற்று வழியும் செம்பழுப்புப் பாறையே தெய்வம். வெறுங்காலோடு போக வேண்டும், படம் எடுக்கக்கூடாது, கண்டதை வெளியே சொல்லவும் கூடாது என்பது பழைய விதி. வெள்ளியங்கிரியின் சாய்ந்த பாறைகளையும் இந்தப் பாறையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில், கோயில் கட்டும் கலையில் தேர்ந்த இரண்டு நாகரிகங்கள் இந்த இடங்களில் ஏன் ஒன்றும் கட்டாமல் விட்டன என்ற கேள்வி எழுகிறது. கருங்கல்லை மேலே கொண்டுபோகும் சிரமம் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் சிரமத்துக்கு அஞ்சாத அரசர்கள் இரு நாட்டிலும் இருந்தார்கள். மலையைத் தெய்வமாக வைத்த பிறகு அதன்மேல் கட்டுவதற்கு எதுவும் மிச்சம் இல்லை என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

ஷுகெண்டோவின் வரலாறு நமக்கு இன்னொரு பாடமும் தருகிறது. 1868இல் மெய்ஜி அரசு ஷிந்தோவையும் பௌத்தத்தையும் கட்டாயமாகப் பிரித்தது. இரண்டும் கலந்தே வாழ்ந்த ஷுகெண்டோ, 1872இல் சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஏறக்குறைய அதே தலைமுறையில், வால்டர் வெஸ்டன் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் முதலானோர் வழியாக, மலையேற்றம் ஒரு விளையாட்டாக ஜப்பானில் பரவியது. 1905இல் ஜப்பானிய ஆல்பைன் சங்கம் பிறந்தது. யமபுஷிகள் நடந்த தடங்களிலேயே மலையேற்றக்காரர்கள் நடந்தார்கள். இன்று டோக்கியோவின் ஷின்ஜுகு நிலையத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் ரயிலில் போய்விடக்கூடிய தகாவோ மலைக்கு ஆண்டுதோறும் பல லட்சம் பேர் வருகிறார்கள். உயரம் 599 மீட்டர். 1927 முதல் மேலே போகக் கேபிள் கார் உண்டு. பெரும்பாலோர் குடும்பத்தோடு நடக்க வருகிறவர்கள். அதே மலையில், 744இல் நிறுவப்பட்டதாக மரபு கூறும் யகுவோ இன் கோயிலின் யமபுஷிகள் ஒவ்வொரு மார்ச் மாதமும் தீ மிதிக்கிறார்கள். பொதுமக்களும் அவர்களைத் தொடர்ந்து மிதிக்கிறார்கள். இரண்டில் எது மெய்யான தகாவோ என்று கேட்பதில் பயனில்லை. ஏறுதலையும் வழிபடுதலையும் ஒரே சொல்லாக்கும் ‘தொஹாய்’ என்ற சொல் அம்மொழியில் உண்டு. நம்மிடம் அப்படி ஒரு சொல் இல்லாததற்குக் காரணம், நம் ‘ஏறுதல்’ இரண்டையும் ஏற்கெனவே சுமந்துகொண்டிருப்பதுதான்.

6. ஒரே தடம், இரண்டு சீட்டு

வழிபாடு, மலையேற்றம் என்ற பிரிவினை தமிழ்நாட்டில் எங்கிருந்து வலுப்பெற்றது? 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக்காரர்கள் 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளை அரசு வகுத்தது. அதுவரை காட்டுக்குள் நடப்பது என்று பொதுவாக இருந்த ஒன்று, அனுமதி, வழிகாட்டி, கட்டணம் ஆகியவற்றோடு ‘டிரெக்கிங்’ என்ற தனி இனமாயிற்று. 2024 அக்டோபரில் 40 தடங்களோடு தொடங்கப்பட்ட ‘டிரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் வெள்ளியங்கிரித் தடமும் இடம்பெற்றது. கட்டணம் 5,000 ரூபாயைத் தாண்டியது. சாமி கும்பிடக் காசா என்று எதிர்ப்பு எழுந்தது. பருவத்தில் வரும் பக்தர்களுக்குக் கட்டணம் ஏதும் இல்லை என்று அரசுத் தரப்பு விளக்கியது.

அந்த விளக்கம் நியாயமானதே. அதில் ஒளிந்திருக்கும் முடிவையும் பார்க்க வேண்டும். பிப்ரவரி முதல் மே வரை ஏறினால் பக்தர். மற்ற மாதங்களில் வழிகாட்டியோடு ஏறினால் மலையேற்றக்காரர். ஏறுகிறவரின் மனத்தை அரசு ஆராய முடியாது. நாட்காட்டியைப் பார்த்துத்தான் பிரிக்க முடியும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நாட்காட்டி இந்த மலையின் பழைய ஒழுக்கத்தைச் சேர்ந்ததுதான். தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் அந்தப் படிகளில் கால் நிற்காது, அட்டை ஏறும், மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் தெரியாது. மலை தானாகவே அடைத்துக்கொள்கிறது. ஜப்பானின் ஓமினே மலையில் மே மாதத் தொடக்கத்தில் சன்னிதிக் கதவைத் திறப்பதும் செப்டம்பரில் அடைப்பதும் சடங்காகவே நடக்கின்றன. அடைத்திருக்கும் காலமும் வழிபாட்டின் பகுதிதான் என்பதை அங்கே வெளிப்படையாக ஏற்றிருக்கிறார்கள். எல்லா மாதமும் ஏறத் தரும் மலை கொங்கு மக்கள் அறிந்த வெள்ளியங்கிரியாக இருக்காது. அது கட்டணத்தைவிடப் பெரிய மாற்றம். ஆனால் எதிர்ப்பு முழுவதும் கட்டணத்தைச் சுற்றியே நடந்தது.

7. பெண்கள்

சிறுமிகளையும் வயதில் மூத்தவர்களையும் தவிரப் பெண்கள் மலை ஏறக்கூடாது என்பது இங்கே வழக்கம். இதற்குச் சொல்லப்படும் காரணங்களைக் கேட்டுக்கொண்டே வந்தால் அவை இடத்துக்கு இடம் மாறுவது தெரியும். ஒருவர் தூய்மை பற்றிச் சொல்வார். இன்னொருவர், குமரியில் தன்னை மணக்கக் காத்திருந்த பெண்ணை உரிய நேரத்தில் அடைய முடியாத சிவன் துயரத்தோடு வந்து அமர்ந்த மலை இது என்ற வாய்மொழிக் கதையைச் சொல்வார். இளைஞர்களிடம் கேட்டால் யானை, இருட்டு, பாதுகாப்பு என்பார்கள். காரணம் மாறிக்கொண்டே இருக்க விதி மட்டும் நிற்கிறது என்றால், காரணங்கள் பின்னால் வந்து சேர்ந்தவை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

பாதுகாப்பு என்ற காரணம் மிகவும் பலவீனமானது. இந்த மலைத்தொடரின் அடிவாரங்களில் வாழும் இருளர் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் காட்டுக்குள் சென்று சீமாற்றுப் புல்லும் நெல்லியும் சேகரித்து வாழ்ந்தவர்கள். யானையின் வாசனையை நகரத்து ஆண் ஒருவர் உணர்வதற்கு வெகுநேரம் முன்பே அவர்கள் உணர்வார்கள். காடு பெண்ணுக்கு ஆகாது என்று அவர்களிடம் யாரும் சொன்னதில்லை. தடம் மட்டுமே ஆகாது என்றாயிற்று.

ஜப்பானில் 1872இல் கோயில் மலைகளின் பெண் தடையை அரசாணை ஒன்று நீக்கியது. அந்த ஆணையின் பின்னணியில் பெண்ணுரிமை இருந்ததாக ஆய்வாளர்கள் கருதுவதில்லை. தன்னை நவீன நாடாக வெளிநாட்டாருக்குக் காட்டிக்கொள்ளும் அவசரம் இருந்தது. எப்படியாயினும் ஃபூஜியும் மற்ற மலைகளும் திறந்தன. இன்று பெண் யமபுஷிகள் இருக்கிறார்கள். தடை நீங்கியதால் மலைகளின் புனிதம் குறைந்ததாகச் சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் ஓமினேயின் 1,719 மீட்டர் உயரச் சன்ஜோகதாகே இன்றும் பெண்களை அனுமதிப்பதில்லை. 2004இல் கீ மலைத்தொடரின் புனிதத் தலங்கள் உலக மரபுச் சின்னமானபோது அந்தத் தடை கடும் விவாதத்துக்கு உள்ளானது. அம்மலையின் புகழ்பெற்ற சடங்கில், முதன்முறை ஏறுகிறவரைச் செங்குத்துப் பாறையின் விளிம்பில் தலைகீழாக நீட்டிப் பிடித்து, பெற்றோரைப் பேணுவாயா, ஒழுங்காக உழைப்பாயா என்று கேட்டு உறுதி வாங்குகிறார்கள். அந்த உறுதிமொழியில் ஆணுக்கு மட்டும் உரியதாக ஒன்றையும் நான் காணவில்லை.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. பொதிகைத் தொடரில் 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்துக்குக் கேரள வனத்துறை நடத்தும் மலைப்பயணத்தில் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்று அம்மாநில உயர் நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்தது. 2019 ஜனவரியில் பெண் ஒருவர் ஏறினார். காணிக்காரர் சமூகத்தினர் அடிவாரத்தில் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அந்த எதிர்ப்பை நான் எளிதாக ஒதுக்கமாட்டேன். மலையோடு வாழ்ந்தவர்களைக் கேட்காமல் நகரத்து நீதிமன்றம் முடிவெடுத்தது என்ற வருத்தம் அதில் இருந்தது. வெள்ளியங்கிரியில் இந்தப் பேச்சு எழும்போது முதலில் கேட்கப்பட வேண்டியவர்கள் இருளர் பெண்களே என்று நான் நினைக்கிறேன்.

ஏறுதலே இங்கே சடங்கு என்ற என் வாதம் சரியானால், அதிலிருந்து ஒரு முடிவு தவிர்க்க முடியாமல் வருகிறது. கருவறைக்குள் போகக்கூடாது என்று ஒருவரைத் தடுக்கும்போது வெளியில் நின்று கும்பிட இடம் மிச்சம் இருக்கும். ஏறக்கூடாது என்று தடுத்தால் வழிபாட்டில் மிச்சம் ஏதும் இல்லை.

8. மலையின் தாங்குதிறன்

2024 பருவத்தில் மூச்சுத்திணறலாலும் மாரடைப்பாலும் பலர் இந்தத் தடத்தில் உயிரிழந்தார்கள். இதய நோய், நீரிழிவு, இரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஏறவேண்டாம் என்ற அறிவிப்பு அடிவாரத்தில் இருக்கிறது. ஆனாலும் ஏறுகிறார்கள். வேண்டுதல் இருக்கும்போது அறிவிப்பு எடுபடுவதில்லை. பழைய குழுக்களில் குருசாமி போல ஒருவர் இருப்பார். முதல் மலையிலேயே ஒருவரின் மூச்சைக் கேட்டுவிட்டு, “நீங்க இதோட இறங்கிருங்க, நான் உங்களுக்கும் சேத்துக் கும்பிட்டுட்டு வர்றேன்” என்பார். இறங்கியவருக்கு அது அவமானமாக இருக்காது. இன்று நான்கு நண்பர்கள் சேர்ந்து இரவு கிளம்பும் பயணத்தில் அந்தச் சொல்லைச் சொல்ல ஆள் இல்லை. இழந்தது பக்தி என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். நான் இந்த ஆளைச் சொல்வேன்.

ஃபூஜியின் யோஷிதா தடத்தில் 2024இல் நாளொன்றுக்கு 4,000 பேர் என்று வரம்பு கட்டி, 2,000 யென் கட்டணமும் விதித்தார்கள். சிவராத்திரியிலும் சித்ரா பௌர்ணமியிலும் வெள்ளியங்கிரியில் திரளும் கூட்டத்துக்கு அப்படி ஒரு வரம்பு வேண்டுமா என்பதைப் பேசும் காலம் வந்துவிட்டது. வரம்பு என்றால் கட்டணம் என்று பொருள் கொள்ளத் தேவையில்லை. எண்ணிக்கையை வைத்தே நிறுத்தலாம்.

குப்பை விஷயத்தில் வனத்துறை செய்யும் ஒன்று எனக்குப் பிடித்திருக்கிறது. அடிவாரத்தில் பைகளைச் சோதித்து நெகிழிப் பொட்டலங்களை எடுத்துவிடுகிறார்கள். தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டி 20 ரூபாய் முன்பணம் வாங்குகிறார்கள். கீழே கொண்டுவந்து காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும். இந்த மலைச்சரிவில் விழும் மழைதான் நொய்யலாகிப் பேரூரையும் உக்கடம் பெரியகுளத்தையும் சிங்காநல்லூரையும் தொட்டுத் திருப்பூர் வழியே காவிரிக்குப் போகிறது. சாயக் கழிவால் அந்த ஆறு கீழே பட்ட பாட்டுக்கு ஒரத்துப்பாளையம் அணையே சாட்சி. பிறக்கும் இடத்திலாவது அது சுத்தமாக இருக்க வேண்டும் என்று கேட்பதற்கு ஒருவர் சைவராகவோ மலையேற்றக்காரராகவோ இருக்கத் தேவையில்லை.

கடந்த முறை நான் இறங்கியபோது காலை பத்து மணி. பாட்டிலைக் காட்டி 20 ரூபாயை வாங்கிக்கொண்டு, தடி வாங்கிய கடையிலேயே தடியைக் கொடுக்கப் போனேன். மேலே கல்லில் ஊன்றி ஊன்றி அதன் அடி நுனி பிரஷ் போல விரிந்து கிடந்தது. கடைக்கார அம்மா அதைத் தலைகீழாகத் திருப்பி, நார்களை விரலால் அழுத்திப் பார்த்தார்.

“ரண்டு விரக்கடை தேஞ்சிருக்குதுங்க. ஏழாவது மலை வரைக்கும் போயிருக்கறீங்க.”

எத்தனை வருசமாகக் கடை போடுகிறீர்கள் என்று கேட்டேன். கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து என்றார். மேலே போயிருக்கிறீர்களா என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். “எனக்கு அம்பது ஆக இன்னும் மூணு வருசம் கெடக்குதுங்க.” பிறகு, தடியைக் கட்டோடு சாய்த்து வைத்துக்கொண்டே கேட்டார்: “மேல காத்து எப்படிங்க இருந்துச்சு?”